ஒரு தபா அக்காவின் இன்ஜின்

எங்கள் தெருமுனையில் நின்று அந்த அக்கா "மீனேய்..." என்று ஒரே ஒரு தடவைதான் குரல் கொடுப்பார். அது உங்கள் காதில் விழுந்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் மீன் குழம்பு. குக்கர் விசிலில் அமுங்கிப்போனால் ரசம். ஞாயிறும் புதனும் காலை எட்டு மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

விலையும் அப்படித்தான். ஒரு தடவை சொல்வார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். பேரம் பேசாமல் வாங்கினால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. குடிவந்த புதிதில் அக்காவிடம், "கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்றார்.

"சொல்ட்டேன் சார்."

"அது சரி, கடைசியா எவ்வளவு?"

அக்கா மீனின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார், கூடையைத் தூக்கினார், நடந்தார். அதிகாரி லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு மூன்று வீடு தள்ளி ஓடிப் போய், முதலில் சொன்ன விலைக்கே வாங்கி வந்தார். தெருவில் இருந்த கறுப்பு நாய்க்கும் அக்கா ஒரே ஒரு தடவைதான் "ச்சீ" சொன்னார். அதற்கப்புறம் அது கூடைப் பக்கம் வந்ததே இல்லை. நாய்க்கு ஒரே நாளில் புரிந்தது. எனக்குப் புரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

தெருவில் எல்லோரும் அவரை 'ஒரு தபா அக்கா' என்போம். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து, மற்ற மீன்காரப் பெண்களோடு சேர்ந்து ஒரு வண்டி பிடித்து இரும்புலியூர் வரை வருவார். ஐம்பது வயதிருக்கும். இடது முழங்கால் சரியில்லை. உட்காரும்போதும் எழும்போதும் முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அதைப் பற்றியும் ஒரு தடவைதான் சொன்னார்: "வலிக்குது."

புருஷன் இறந்ததையும் என் மனைவியிடம் அப்படித்தான் சொன்னார். எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு போய்ட்டாரும்மா. படுத்தாரு, காலைல எய்ந்திரிக்கல" என்றார். செதில் சீவுவது நிற்கவில்லை. என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அக்கா வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக்கா இதைத் தாங்கினீங்க?" என்று கண்கலங்கினாள்.

"அதான் சொல்ட்டேனேம்மா. சங்கரா வோணுமா, வாணாமா?"

இப்போது என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். இரண்டாயிரத்துச் சொச்ச வருஷங்கள் அவை. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு லேஅவுட்டில் நான் மனை விற்றுக்கொண்டிருந்தேன். 'ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்று நோட்டீஸ் அடிப்போம். எதில் போனால் ஐந்து நிமிடம் என்று போட மாட்டோம். யாராவது கேட்டால், "வேகத்தைப் பொறுத்தது சார்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், முள்ளுக்காட்டைக் காட்டி, "இங்கே பூங்கா, இங்கே பள்ளிக்கூடம், இங்கே நீங்க" என்பேன். ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. ஒரு தபா அக்காவும் பத்து தபா நானும் ஒரே தெருவில் எப்படிக் காலம் தள்ளினோமோ.

அந்தத் தொழில் கொடுத்த தெம்பில் வீட்டோடு சேர்த்து ஒரு கார் ஷெட்டும் கட்டியிருந்தேன். ஷெட் வந்தது, கார் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் முன்னாடியே வந்துவிட்ட ஒற்றை விருந்தாளி மாதிரி என் ஸ்கூட்டர் அதில் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும்.

புருஷன் போய் இரண்டு மாதம் இருக்கும். அக்கா ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உன் ஷெட்டு சும்மாதான கீது?"

"கார் வரப்போகுதுக்கா."

"வர்றப்ப வரட்டும். எங்க வூட்டுக்காரரோட இன்ஜின வெச்சிக்கிறியா? அங்க வெச்சா உப்புக் காத்து பாதி தின்னுடும், மீதிய என் கொயுந்தன் தின்னுடுவான்."

நான் உடனே, "இது என்னக்கா கேள்வி, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றேன். மனை வாங்க வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். வாயில் தானாக வந்தது.

அடுத்த வாரம் இன்ஜின் மீன் வண்டியிலேயே வந்து இறங்கியது. படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அதிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. அதைத் தண்ணீரில் இறக்கினால் படகு ஓடும், திருப்பினால் படகும் திரும்பும். இன்ஜினின் பக்கவாட்டில் கனமான சக்கரம். அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். சக்கரத்தின் முகத்தில் வட்டமாக அலுமினிய ரெக்கைகள் இருந்தன. சக்கரம் சுற்றும்போது அவைதான் காற்றை வாரி அடித்து இன்ஜினின் சூட்டைத் தணிக்கும்.

அக்கா தரையில் உட்கார்ந்து, முந்தானையால் அந்த ரெக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். விட்டுப்போகாமல், ஒரு வட்டம் முழுக்க. பிறகு எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், இன்ஜினு மூச்சு இஸ்க்கிற வாயி இது. துணி கட்டிகீறேன். அமாவாசைக்கு அமாவாசை துணிய அவுத்து ஒரு ஸ்பூன் எண்ணெ ஊத்து. இந்த லிவர தூக்கிப் புடிச்சிகினு கையால சக்கரத்த பத்து சுத்து சுத்து. மறுபடி துணிய கட்டிடு. தொறந்து மட்டும் போட்டுடாத. அவ்ளோதான்."

"கவலைய விடுங்கக்கா."

அமாவாசை என்று அவர் வைத்ததே என் வசதிக்காகத்தான். எங்கள் வீட்டில் அமாவாசை மறக்காது. முதல் அமாவாசைக்கு எண்ணெய் ஊற்றிப் பத்துச் சுற்று சுற்றினேன். இரண்டாவது அமாவாசைக்கு நாலு சுற்று. மூன்றாவது அமாவாசைக்கு, நாளைக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த நாளை பிறகு வரவில்லை. ஒரு அமாவாசை விடாமல் காக்காய்க்குச் சோறு வைத்தேன். அதற்குப் பத்தடி தள்ளி இருந்த இன்ஜினுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் வைக்கவில்லை.

ஆனால் ஆயுத பூஜையை விடவில்லை. அதுதான் என் பெருமைக்குரிய கிறுக்குத்தனம். அன்றைக்குத் தெருவில் ஆளாளுக்குக் காரைக் கழுவி மாலை போட்டு நிறுத்துவார்கள். எதிர்வீட்டு அதிகாரி தன் காருக்கு வாழைக்கன்றே கட்டினார். என் பக்கம் ஒரு ஸ்கூட்டர். மானம் தாங்கவில்லை. இன்ஜினை ஷெட் வாசலுக்கு இழுத்து வந்தேன். சந்தனம் குழைத்து அப்பினேன். குங்குமம் வைத்தேன். செவ்வந்தி மாலை போட்டேன். அதிகாரியிடம், "உங்களுது ரோட்டுல மட்டும்தானே போகும் சார்?" என்றேன். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்ஜினின் வாயில் கட்டியிருந்த துணி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. பூஜைக்கு அழுக்குத் துணியா என்று அதை அவிழ்த்துத் தூக்கிப் போட்டேன். ஓட்டை அசிங்கமாகத் தெரிந்தது. ஒரு கை செவ்வந்தியை எடுத்து அதில் அடைத்தேன். மறு வருஷமும் அதே பூஜை, அதே அடைப்பு.

அக்கா வாரம் இரண்டு தடவை வந்துகொண்டுதான் இருந்தார். ஒரு நாளும் இன்ஜினைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். ஒருவர் திரும்பக் கேட்கவில்லை என்றால் அவர் நம்மை நம்பியிருக்கிறார் என்று அர்த்தமாம். எனக்கு அந்த வகையான மனிதர்களோடு பழக்கமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா கூடையை இறக்கி வைத்தார். முகத்தில் என்றுமில்லாத ஒரு சிரிப்பு.

"சார், இன்ஜின எடுத்துக்கப் போறேன். என் தம்பி அடுத்த ஞாயித்துக்கெயம வண்டி எட்த்துகினு வர்றான்."

நாலு பேர் சேர்ந்து ஒரு பைபர் படகு வாங்கியிருக்கிறார்களாம், இன்ஜின் இல்லையாம். குப்பத்து வழக்கப்படி, பிடித்து வருகிற மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. இன்ஜினோடு போனால் தம்பி கூட்டாளி, இன்ஜின் பங்கு அக்காவுக்கு. இல்லையென்றால் தம்பி பழையபடி வேறு படகில் கூலி.

"ஞாயித்துக்கெயம வரிக்கும்தான் டைம் குட்த்துகீறாங்க. வேற ஒருத்தன் இன்ஜினோட ரெடியா நிக்கிறான். இது ஓடிச்சின்னா இந்தக் கூடைய எறக்கி வெச்சிடுவேன் சார். முட்டி ஒத்துக்கல."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அமாவாசைக்கு அமாவாசை சுத்தினியா?"

"சுத்தினேன்க்கா."

அதோடு நிறுத்தினேனா? நான் விற்பனைக்காரன். "போன அமாவாசைக்குக்கூட சுத்தினேன். பட்டு மாதிரி சுத்துச்சு."

"சரி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று வேனில் மனை பார்க்க வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் வருகிற இடத்தில் பூங்காவையும் பூங்கா வருகிற இடத்தில் கிணற்றையும் காட்டினேன். என் மனசெல்லாம் ஷெட்டில் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இன்ஜின் அசையவில்லை, நான்தான் இன்ஜினிடம் போனேன். மறுபடி இழுத்தேன். தாம்பரம் ரயில்வே பாலத்தில் கயிறு கட்டி இழுத்தால்கூட அது லேசாக யோசித்திருக்கும்.

"என்னங்க, காலைல இருந்து அதோட என்ன சண்டை?" என்றாள் என் மனைவி.

"சண்டை இல்ல. சர்வீஸ்."

"ரெண்டு வருஷமா பண்ணாத சர்வீஸா?"

வீட்டு வேலைக்கு வாங்கிய குழாய்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். சக்கரத்துக்குள் நெம்பிப் பார்த்தேன். நெம்பினால் நகரவில்லை. சுத்தியலை எடுத்துக் குழாயின் முனையில் ஓங்கி அடித்தேன். ஒரு சத்தம் கேட்டது. இன்ஜின் சுற்றுகிற சத்தமில்லை. தட்டில் ஸ்பூன் விழுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். குனிந்து பார்த்தேன். அலுமினிய ரெக்கைகளில் ஒன்று அடியோடு உடைந்து தரையில் கிடந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தேன். என் ஷெட்டில், என் வீட்டில், நான் யாருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. துண்டை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு செய்ததை எழுதக் கை கூசுகிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து இன்ஜினுக்கு வெளியே எல்லாம் தடவினேன். உள்ளே எப்படியிருந்தாலும் பார்க்கிறவர்களுக்குப் பராமரித்த மாதிரி தெரியட்டும் என்று. கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னியது. மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அது என் தலைக்கு வாங்கினது."

"வேற வாங்கித் தரேன்."

"வேற அக்காவும் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஒரு கேள்விதான் என்னை மெக்கானிக் பாயிடம் துரத்தியது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஜெனரேட்டரும் பம்பு செட்டும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். பாய் இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்து, விரலால் தொட்டு, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்ன சார், தாளிச்சிருக்கீங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் பாய்."

"கடைசியா எப்ப சார் சுத்துனீங்க?"

"போன அமாவாசை."

"எந்த வருஷத்து அமாவாசை சார்?"

நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன். பாய் ஒரு கம்பியை வளைத்து இன்ஜினின் வாய்க்குள் விட்டு இழுத்தார். கருகிய மாதிரி காய்ந்த செவ்வந்தி இதழ்கள் கொத்தாக வந்தன. அப்புறம் கட்டிதட்டிப் போன சந்தனம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் பத்திரமாக வைத்தார்.

"சாமி விஷயம், கீழ போடக்கூடாது" என்றார். "ரெண்டு வருஷமா பூஜை எல்லாம் குறைவில்லாம நடந்திருக்கு சார். எண்ணெய்தான் யாரும் ஊத்தல. பூ ஈரத்தை இழுத்திருக்கு, ஈரம் உள்ள எறங்கியிருக்கு, பிஸ்டன் துரு புடிச்சு அப்படியே ஒட்டிக்கிச்சு."

"ஞாயித்துக்கிழமை ஓடணும் பாய். ஒருத்தங்க பொழப்பு."

"ஓடுமான்னு இன்ஜின்தான் சொல்லணும்." டீசல் பாய்ச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றினார். "ஊறட்டும். காலைல, மத்தியானம், சாயங்காலம் சக்கரத்தைக் கையால இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைச்சுக்கிட்டே இருங்க. பலத்தைக் காட்டாதீங்க. ஏற்கெனவே காட்டியிருக்கீங்க." ரெக்கை இல்லாத இடத்தில் விரலை வைத்தார். "இது ஒண்ணு இல்லேன்னா சக்கரம் எடை தப்பி ஆடும். கடல்ல ஆடினா ஒவ்வொரு போல்ட்டா கழண்டுக்கும். எதிர்ல இருக்கற நல்ல ரெக்கையையும் அறுத்துட்டாத்தான் சமமாகும்."

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க பாய்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "நானா சொல்ல மாட்டேன் சார்" என்றார். "அவங்க கேட்டா சொல்லிடுவேன்."

செவ்வாய்க்கிழமை முழுக்க சக்கரத்தை அசைத்தேன். இரண்டு வருடக் கடனை ஒரே நாளில் தீர்க்கப் பார்த்தேன். அது நூலளவுகூட நகரவில்லை. புதன்கிழமை காலை பாய் வந்து எதிர்ப்பக்கத்து நல்ல ரெக்கையை அறுத்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. ஒரே ஒரு தடவை.

அக்கா நேராக ஷெட்டுக்குத்தான் வந்தார். கழற்றிப் போட்ட நாசிலைப் பார்த்தார். தாளில் இருந்த செவ்வந்தியைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். முந்தானையால் ஒரு ரெக்கையைத் துடைத்தார். அடுத்ததைத் துடைத்தார். அந்த இடம் வந்தது. விரல் நின்றது.

"இது எப்டி ஒட்ஞ்சிது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பாயின் ரம்பம் நின்றுவிட்டது. சட்டை மாற்றியபோதும் மறக்காமல் பைக்குள் மாற்றி வைத்திருந்த அந்தத் துண்டு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அங்கே என் தொழில் உட்கார்ந்திருந்தது.

"கொண்டாந்தப்பவே அப்படித்தான்க்கா இருந்துச்சு. நான்கூட அன்னைக்கே பார்த்தேன். அண்ணன் காலத்துலயே உடைஞ்சிருக்கும்."

செத்துப்போன மனுஷன் தலையில் போட்டேன். அவர் வந்து மறுக்கப் போவதில்லை என்கிற தைரியம்.

மற்ற ரெக்கைகள் எல்லாம் கடல் உப்பு பட்டுச் சாம்பல் நிறமாக இருந்தன. உடைந்த இடம் மட்டும் புதுக் காசு மாதிரி வெள்ளையாகப் பளபளத்தது. அதை அக்கா பார்த்தார். பாய் பார்த்தார். அக்கா இன்ஜினை இறக்கிய அன்று ஒன்று விடாமல் வட்டம் முழுக்கத் துடைத்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சரி" என்றார் அக்கா.

அவ்வளவுதான். பாய் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாய் சொல்லியிருப்பார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெயில் ஷெட்டுக்குள் வந்தது. கூடையில் ஐஸ் கரைந்து தரையில் ஓடியது. தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்று அவர் ஒரு மீன்கூட விற்கவில்லை. நான் ஒரு தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே எங்கோ 'க்ளுக்' என்றது. சக்கரம் ஒரு நூல் நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு அரை.

"பிஸ்டன் விட்டுடுச்சும்மா" என்றார் பாய்.

அக்கா எழுந்து கூடையைத் தூக்கினார். கூடையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் வழிந்தது.

சனிக்கிழமை பாய் பாதியில் விட்ட ரெக்கையை அறுத்து முடித்து, டீசல் டேங்கைக் கழுவி, நாசிலைச் சுத்தம் செய்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி மினி லாரியோடு வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள், ஆனால் அக்காவுக்கு எதிரில் பேச்சே வராது. தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாய் டீசல் குழாயில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டுத் தலையை ஆட்டினார். தம்பி கயிற்றைச் சுற்றி இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி. புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஏழாவது தடவையில் தம்பியின் சட்டை நனைந்துவிட்டது. நான் மனசுக்குள் பழனிக்கு மொட்டை, திருப்பதிக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டே போனேன். எனக்கு இருந்த முடிக்கு அது கொஞ்சம் அதிகப்படியான வாக்குறுதி.

"இன்னாக்கா, வேலைக்காவாது போலகீதே" என்றான் தம்பி.

அக்கா அவனை நகரச் சொல்லிவிட்டு இன்ஜினின் பக்கத்தில் உட்கார்ந்தார். லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதைத் தூக்கினால் சக்கரம் லேசாகச் சுற்றும், வேகம் பிடித்ததும் விட்டால் இன்ஜின் பற்றிக்கொள்ளும். எப்போது விட வேண்டும் என்பது அவரவர் இன்ஜினைப் பொறுத்தது. இரண்டு வருடம் என் வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

"இஸ்த்துகினே இரு. நிறுத்தாத."

தம்பி இழுத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். லிவரை விட்டார்.

இன்ஜின் ஒரு தடவை இருமியது. கரும்புகை கிளம்பி, ஷெட்டைத் தாண்டி, அதிகாரி வீட்டில் காயப்போட்டிருந்த வேட்டியை அணைத்துக்கொண்டது. பிறகு தட தடவென்று தெருவே அதிர ஓடியது. புகையில் லேசாகச் சாம்பிராணி வாசனை அடித்த மாதிரி எனக்குப் பட்டது. பாய் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடவில்லை. சமமாகச் சுற்றியது.

தெரு கைதட்டியது. நான் இருக்கிறேனே, நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ரெண்டு வருஷம்! சொந்தப் புள்ள மாதிரி பார்த்துக்கிட்டேன்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இன்ஜின் சத்தத்துக்கு மேல் அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தி, தன் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து அதன் வாயில் கட்டினார்.

மூன்று வாரம் கழித்து, கூடை இல்லாமல் வந்தார். நொண்டுவது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வாழை இலையில் சுற்றிய ஒரு வஞ்சிரத்தை என் மனைவியின் கையில் வைத்தார். கை வளைந்துபோகிற கனம்.

"எவ்வளவுக்கா?" என்றாள் மனைவி.

"வெலைக்கி இல்லம்மா. இன்ஜினு பங்குல மொத மீனு. ஷெட்டுல வெச்சிகினு இர்ந்தீங்கல்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த ரெக்கைத் துண்டை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நாற்பது வயது ஆள், பள்ளிக்கூடத்தில் எதையோ உடைத்தவன் மாதிரி. அக்கா அதற்குள் வாசல் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்.

"அக்கா, அந்த ரெக்கை..."

நின்றார். திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அதான் ஒரு தபா சொல்ட்டியே சார்" என்றார்.

கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டு, அக்கா தெருவில் இறங்கி நடந்தார்.